வெள்ளையடித்த கூரைக்குள் என்ன இருக்கிறது?

பொங்கல் கழிந்த வாரம். திருக்கழுக்குன்றம் வட்டத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் குடியிருப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. கட்டி முப்பது ஆண்டு இருக்கும். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பின் வாசம் இன்னும் போகவில்லை. உள்ளே ஒரே அறை. அறையின் நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

என்னோடு வந்த நண்பர் கட்டடப் பொறியாளர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சொகுசு விடுதிகளில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். அதற்கு அவர் பயன்படுத்துவது தெர்மல் கேமரா என்னும் வெப்பப் படக் கருவி. 'ஒரு நாள் நம்ம வீடுகளையும் பாருங்க' என்று நான் நச்சரித்ததால் வந்திருந்தார். வெயில் தாழும் நேரம் பார்த்து, கருவியைத் தளத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார். வீட்டுக்கார ஆயா கேட்டார்: "கொரோனா வந்தப்போ நெத்தியில வெச்சுப் பார்த்தாங்களே, அந்த மிஷினா தம்பி?" ஏறக்குறைய அதேதான் ஆயா என்றேன்.

கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாத வெள்ளைத் தளம். திரையில் பார்த்தால் ஆரஞ்சு நிறப் பரப்புக்கு நடுவே, கட்டிலுக்கு நேர் மேலே, ஒரு முறம் அளவுக்குக் கருநீலத் திட்டு. நண்பர் ஒரு கழியை வாங்கி அங்கே தட்டினார். மற்ற இடங்களில் கெட்டியாகக் கேட்ட சத்தம் அந்த இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டது. யாரும் பேசவில்லை. ஆயாதான் முதலில் எழுந்தார். குழந்தையை எடுத்து மருமகளிடம் கொடுத்துவிட்டு, கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

பிறகு சொன்னார்: "போன வருசம் மனு குடுத்தோம் தம்பி. ஆபீசுல இருந்து வந்தாங்க. அண்ணாந்து பார்த்தாங்க. கூரை நல்லாத்தான இருக்குது, வெள்ளையெல்லாம் அடிச்சு வெச்சிருக்கீங்களேன்னு எழுதிக்கினு போய்ட்டாங்க."

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டதே அந்தக் குடும்பத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக் குறிப்பைப் பற்றியது.

பழுதா, மறுகட்டுமானமா?

நம் தெருக்களில் இருக்கும் தளம் போட்ட வீடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட மாநிலம் இது. 1974-ல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலையே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித்தருவதுதான். 1985-86-ல் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டமும் தொடக்கத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. 1993-94-ல் பிற ஏழைகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டபோதுகூட, குறைந்தது 60 விழுக்காடு நமக்கென்று விதி இருந்தது. ஆகவே இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய அரசு வீடு என்று ஊராட்சிப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் நம் தெருவில்தான் நிற்கும்.

அந்த வீடுகள் இப்போது உதிர்கின்றன. இதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் ஊரகப் பகுதிகளில் கட்டப்பட்ட 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாக 2024-ல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கணக்குப் போட்டால் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 80,000 ரூபாய். பழுதுபார்க்கவே முடியாத நிலையில் உள்ள வீடுகளுக்குப் பதிலாக 25,000 புதிய வீடுகளை 600 கோடியில் கட்டுவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்னது. அதாவது வீட்டுக்கு 2.40 லட்சம். இரண்டும் வரவேற்க வேண்டிய அறிவிப்புகள். நாம் பல ஆண்டுகள் மனு எழுதிக் கேட்டவை.

சிக்கல் இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு வீடு பழுதுபார்க்கத் தக்கதா, இடித்துக் கட்ட வேண்டியதா, அல்லது எதுவும் தேவையில்லாததா? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது. அந்த விடையோ பெரும்பாலும், வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணை நம்பியே எழுதப்படுகிறது. காரை விழுந்து கம்பி வெளியே தெரிந்தால் 'பழுது'. தெரியாவிட்டால் 'நன்று'. தலையில் விழுந்த பிறகு கிடைக்கும் சான்றிதழால் யாருக்கு என்ன பயன்?

உப்பு தின்னும் கம்பி

கடலோரத்துக் கூரை உள்ளிருந்து கெடுகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. நம் கொத்தனார்களுக்கே தெரியும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டின் கனம். கடற்காற்றில் வரும் உப்பு, மழை ஈரத்தோடு சேர்ந்து நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்குகிறது. கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளே வீங்கும் அந்தத் துரு, கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டை நெம்பித் தளத்திலிருந்து பிரித்துவிடும். பிரிந்த பிறகும் அது உடனே விழாது. பல மாதம், சில சமயம் பல ஆண்டு, சுண்ணாம்புப் பூச்சுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தொங்கும்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, 2000-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடலோரச் சூழலுக்கு ஆளாகும் கட்டடத்தைக் 'கடுமையான' சூழல் என்ற பிரிவில் வைக்கிறது. அங்கே கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது. சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர் போதும். நம் குடியிருப்பில் விழுந்து கிடக்கும் ஒரு சில்லை எடுத்து அளந்து பாருங்கள். பல இடங்களில் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை குழைத்த கதையை வயதான சித்தாள்கள் இன்றும் சொல்வார்கள். அந்த வீடுகளைக் கட்டிய கைகளும் நம் கைகள்தான். ஆனால் எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி என்று முடிவு செய்த கைகள் வேறு.

இதே உப்பு மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையும் அரிக்கிறது. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ள அந்தக் கோயிலுக்கு இந்தியத் தொல்லியல் துறை என்ன செய்கிறது தெரியுமா? காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, காயவைத்து, அது உறிஞ்சிய உப்போடு உரித்தெடுக்கிறது. அலையைத் தடுக்கக் கற்சுவர் போட்டிருக்கிறது. காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு வளர்த்திருக்கிறது. செய்யட்டும். அது நம் முன்னோரின் உழைப்பும் சேர்ந்த சொத்து. கல்லுக்குள் உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அக்கறையோடு பார்க்கத் தெரிந்த ஒரு நாட்டுக்கு, அங்கிருந்து சில கிலோமீட்டரில் குழந்தை தூங்கும் கட்டிலுக்கு மேல் என்ன இறங்குகிறது என்று பார்ப்பது கடினமா என்பதுதான் கேள்வி.

2022 டிசம்பர் 9 நள்ளிரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. பறந்துபோன ஓலையையும் தகரத்தையும் எண்ணிக் கணக்கெடுக்க முடியும். தளம் போட்ட வீட்டுக்குள் அன்று இறங்கிய ஈரத்தை எண்ணும் வழி எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை.

கருவி என்ன செய்யும், என்ன செய்யாது

வெப்பப் படக் கருவி சுவரை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே கிடையாது. எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கேற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. கருவி அதை வாங்கி, சூடான இடத்தை ஒரு நிறமாகவும் குளிர்ந்த இடத்தை வேறு நிறமாகவும் திரையில் காட்டுகிறது. அது படிப்பது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே. ஆனால் மேற்பரப்பின் சூடு உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நாளெல்லாம் வெயிலில் காய்ந்த தளத்தின் சூடு மாலையில் கீழே இறங்குகிறது. காரை பிரிந்து தொங்கும் இடத்தில் நடுவே ஒரு மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். காற்று சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் அந்தத் திட்டு மட்டும் குளிர்ந்து தெரியும். ஈரம் ஊறிய இடமும் அப்படித்தான். ஈரம் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். மண்பானைத் தண்ணீர் குளிரும் கதைதான். மேலே மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், பொழுது சாய்ந்த பிறகு, தண்ணீர் தேங்கி ஊறிய பகுதி மற்ற இடங்களைவிட மெதுவாக ஆறும். அங்கே அது சூடாகத் தெரியும். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் நின்று எடுத்தோம் என்பதை வைத்துத்தான் படத்தைப் படிக்க வேண்டும்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் நிழல் படத்தில் விழும். அடுப்புக்கு மேலே உள்ள தளம் வேறு மாதிரித் தெரியும். பளபளக்கும் தகரக் கூரையில் கருவி தன் சூட்டைக் காட்டாமல் எதிரே இருப்பதன் சூட்டைப் பிரதிபலித்துக் காட்டும். மழை நாளில் எடுத்த படத்தை நம்ப முடியாது. எனவே கருவி சந்தேகத்தைத்தான் சொல்லும். தீர்ப்பைச் சொல்வது தட்டிப் பார்க்கும் சுத்தியலும், கம்பியின் துருவை அளக்கும் சோதனையும், அவற்றைப் புரிந்த பொறியாளரும்தான். ஆனாலும் நூறு வீடு உள்ள தெருவில் முதலில் எந்தப் பத்து வீட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதை ஒரே மாலையில் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

செலவு ஒரு சாக்காக இருக்க முடியாது. செல்போனில் செருகும் சிறு கருவி சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பொறியாளர்கள் வைத்திருக்கும் நல்ல கருவி சில லட்சம். மின்வாரியங்களில் துணைமின் நிலையக் கம்பி இணைப்பு சூடாகிறதா என்று பார்க்க இது பழகிய கருவி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சில பொது நூலகங்கள் புத்தகம் போலவே இதையும் வீட்டுக்குக் கடன் கொடுக்கின்றன. எங்கோ போவானேன்? நம் மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், 1971-ல் தொடங்கப்பட்ட இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அகச்சிவப்பு வெப்பப் படத்தைக் கொண்டு இயந்திரங்களிலும் கட்டமைப்புகளிலும் மறைந்திருக்கும் பழுதைக் கண்டறிவது பற்றி அங்கிருந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அறிவு பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. அதை நம் தெருவுக்கு அழைத்து வரும் ஆணைதான் இல்லை.

சாட்சி யார் கையில்?

நமக்கும் வீட்டுமனைக்கும் உள்ள வழக்கு இந்த மாவட்டத்தில் பழையது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடிசை போட்டிருக்கும் மண்ணுக்குக்கூட மிராசுதார் உரிமை கொண்டாடுகிறார், அந்தப் பயத்திலேயே மக்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்பது அவர் கண்ட முக்கியமான உண்மைகளில் ஒன்று. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. நூறு ஆண்டு கழித்து, அந்த நிலத்தைக் காரணையில் மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். இந்த வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. நம் துயரம் எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்தால் மட்டும் போதாது. அது ஆவணமாக வேண்டும். அந்த ஆவணத்தின் ஒரு படி நம் கையில் இருக்க வேண்டும்.

கட்டட விவகாரத்திலும் அதேதான். 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து நம் மக்கள் 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்து என்று அங்கிருந்தவர்கள் முன்பே சொன்னார்கள். அவர்கள் சொன்னது 'புகார்'. இடிந்த பிறகுதான் அது 'உண்மை' ஆயிற்று. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் கை வைத்தாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. அந்தக் காட்சி நாடெங்கும் ஓடிய பிறகு சென்னை ஐ.ஐ.டி.யின் வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். படம் இருந்ததால் ஆய்வு வந்தது. படமில்லாத தெருக்களில் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒவ்வொரு சென்ட் மண்ணுக்கும் இன்று விலை இருக்கிறது. 'உங்கள் கட்டடம் பாதுகாப்பற்றது' என்ற சொல்லை நகர்ப்புறத்து நம் மக்கள் எப்போது கேட்டார்களோ, பல முறை அடுத்த சொல் 'காலி செய்யுங்கள்' என்பதாகவே இருந்திருக்கிறது. சென்னையின் நடுவிலிருந்து நம் மாவட்டத்துப் பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றி வரப்பட்ட குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். கூரையின் நோயைக் காட்டும் படம், மண்ணைப் பறிப்பதற்கான சீட்டாக மாறிவிடக் கூடாது. அதே இடத்தில், அதே பட்டாவில் வீடு என்ற உறுதி எழுத்தில் இருந்தால்தான் மக்கள் கதவைத் திறந்து கருவியை உள்ளே விடுவார்கள்.

கேட்பது இவ்வளவுதான்

ஒன்று, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், லத்தூர் ஒன்றியங்களின் கடலோரக் குடியிருப்புகளில் தொடங்கி, 2001-க்கு முந்தைய எல்லா அரசு வீடுகளையும் வெப்பப் படமெடுத்து, சந்தேகம் உள்ளவற்றைத் தட்டிச் சோதிக்க வேண்டும். இருளர் குடியிருப்புகளில் உள்ள பழைய அரசு வீடுகளும் இதில் சேர வேண்டும். 'நன்று' என்று எழுதி மனு தள்ளப்பட்ட வீடுகள் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

இரண்டு, அந்த வேலைக்கு நம் தெருவில் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு மகேந்திரா சிட்டி, ஒரகடம் என்று ஒப்பந்த வேலைக்கு அலையும் பிள்ளைகளையும், நம் கொத்தனார்களையும் பயிற்சி கொடுத்து அமர்த்த வேண்டும். கருவியைப் பிடிக்க ஒரு வாரப் பயிற்சி போதும். படத்தைப் படித்து முடிவு சொல்லக் கல்பாக்கத்தின் அறிவியலாளர்களையும் பொறியியல் கல்லூரிகளையும் மாவட்ட நிர்வாகம் அழைக்கட்டும்.

மூன்று, ஒவ்வொரு வீட்டின் படமும், அதற்கான முடிவும், காரணமும் தமிழில் எழுதப்பட்டு வீட்டுக்காரர் கையில் கொடுக்கப்பட வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் முழுப் பட்டியலும் வாசிக்கப்பட வேண்டும். 'நன்று' என்று எழுதும் அதிகாரி தன் பெயரையும் தேதியையும் அதன் கீழே எழுத வேண்டும்.

நான்கு, இடித்துக் கட்ட வேண்டிய வீட்டுக்காரருக்கு அதே மனையில் வீடு. கட்டி முடியும் வரை குடியிருக்க வாடகை.

இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேட வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்றே 2024-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நம் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கென அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒன்றாகக் கருவி வாங்கினாலும் இந்த மாவட்டத்துக்கு எட்டுதான் தேவை.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். நாம் மகிழ்ந்தோம். பெயர்ப்பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கட்டும். கூடவே, கூரையிலிருந்து காரை இறங்குவதும் நிற்க வேண்டும்.

நண்பர் கிளம்பும்போது அந்தப் படத்தைக் கடையில் அச்செடுத்து ஆயாவிடம் கொடுத்தோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகச் செருகினார். "அடுத்த தபா ஆபீசர் வந்து நல்லா இருக்குதுன்னு சொன்னா, இத காட்டறேன். அப்புறம் அவர அந்தக் கட்டில்ல ஒரு ராத்திரி படுக்கச் சொல்றேன்" என்றார். கட்டில் அப்போதும் சுவரோரம்தான் கிடந்தது. அறை சின்னது. மழைக்காலத்தில் ஆறு பேரும் அந்தச் சுவரோரம் படுக்க இடம் போதாது.